செல்போனில் "1" மேலே வந்தது எப்படி?

செல்போனை எடுங்கள். எண்களை அழுத்தும் கட்டத்தைப் பாருங்கள். மேல் வரிசையில் 1, 2, 3 இருக்கும். அதன் கீழே 4, 5, 6. அதற்கும் கீழே 7, 8, 9. அடியில், நடுவில், 0.

இனி, அதே செல்போனில் இருக்கும் கால்குலேட்டரைத் திறந்து பாருங்கள். அதிலும் இதே பத்து எண்கள்தான். ஆனால் தலைகீழாக நிற்கும்! மேல் வரிசையில் 7, 8, 9. கீழ் வரிசையில் 1, 2, 3.

எண்கள் ஒன்றுதான். தட்டுகிற விரலும் ஒன்றுதான். ஒன்றில் எண்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. மற்றதில் கீழிருந்து மேலே ஏறுகின்றன. ஏன் இந்த விசித்திரம்?

கால்குலேட்டர் வரிசை பழையது. கடைக் கணக்குக்காக அமெரிக்காவில் செய்த கூட்டல் எந்திரங்களிலிருந்து வந்தது. ஆரம்ப காலத்துக் கூட்டல் எந்திரங்களில் ஒன்றுக்கு, பத்துக்கு, நூறுக்கு என்று தனித்தனிப் பொத்தான் வரிசைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 9 உச்சியில் இருக்கும். 1 அடியில் இருக்கும். பிறகு 1910-களில், இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில், சண்ட்ஸ்ட்ராண்ட் என்பவர் பத்தே பொத்தான்களில் வேலையை முடிக்கும் எந்திரத்தைச் செய்தார். அதிலும் 7, 8, 9 மேலே. 1, 2, 3 கீழே. எந்திரம் செய்தவர்களின் வழக்கம் அது.

டெலிபோன் வரிசையின் கதை வேறு. அதை எவரும் நாற்காலியில் சாய்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. ஆட்களைக் கூப்பிட்டார்கள். பொத்தானைத் தட்டச் சொன்னார்கள். எத்தனை விநாடி ஆயிற்று, எத்தனை தப்பு வந்தது என்று எண்ணினார்கள். "உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?" என்றும் கேட்டார்கள். அப்புறம்தான் வரிசையைத் தீர்மானித்தார்கள்.

ஒரு சாதனம் மனிதனுக்கு எவ்வளவு தூரம் ஒத்துழைக்கிறது என்பதை அளக்கும் கலை இது. இன்று செல்போன் செயலிகளையும், கம்ப்யூட்டர் திரைகளையும், பணம் எடுக்கும் எந்திரங்களையும் இந்தக் கலையைக் கொண்டுதான் அளக்கிறார்கள்.

வயலின் வாசித்த நிபுணர்

அமெரிக்காவில் பெல் டெலிபோன் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. "பெல் லேப்ஸ்" என்று அதற்குப் பெயர். அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் எஞ்சினீயர்களும் விஞ்ஞானிகளுமே. 1945-ல் அங்கே வித்தியாசமான ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் மனோதத்துவ நிபுணர். பெயர் ஜான் கார்லின்.

கார்லின் தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரில் 1918-ல் பிறந்தவர். தத்துவம், மனோதத்துவம், சங்கீதம் எல்லாம் படித்தவர். கச்சேரியில் வயலின் வாசிக்கும் அளவுக்குத் தேர்ந்தவர். பிறகு அமெரிக்கா சென்று சிக்காகோவில் டாக்டர் பட்டம் பெற்றார். டெலிபோன் கம்பெனிக்கு மனோதத்துவ நிபுணர் எதற்கு என்று அப்போது பலர் நினைத்திருக்கக்கூடும்.

கம்பிக்கு உள்ளே மின்சாரம் எப்படிப் போகிறது என்பது எஞ்சினீயரின் கேள்வி. ரிசீவரைப் பிடித்திருக்கும் மனிதன் என்ன செய்கிறான் என்பது கார்லினின் கேள்வி.

அவருடைய குழு செய்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். டெலிபோனையும் ரிசீவரையும் இணைக்கும் வயருக்குச் செம்பு வேண்டும். செம்பு விலை உயர்ந்த சரக்கு. வயர் எவ்வளவு நீளம் இருந்தால் போதும்? ஜனங்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்? "இருப்பது இருக்கட்டும், கூடுதலாக இருந்தால் நல்லது" என்பார்கள். கார்லின் குழுவினர் கேட்கவில்லை. சக ஊழியர்கள் இல்லாத நேரம் பார்த்து, அவர்கள் அறைக்குள் போய், வயரை ஓர் அங்குலம் குறைத்தார்கள். சில நாள் கழித்து இன்னும் ஓர் அங்குலம். இப்படியே குறைத்துக்கொண்டு போனார்கள். ஒரு முழு அடி குறையும் வரையில் எவருக்கும் தெரியவில்லை! அதன் பிறகு டெலிபோன்கள் குட்டை வயருடன் வந்தன.

இன்னொரு சங்கதி. அந்தக் காலத்து டெலிபோனில் வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதில் பத்து ஓட்டைகள். ஓட்டையில் விரலை விட்டுச் சுழற்ற வேண்டும். நம் ஊரில் வயதானவர்கள் இதை நன்றாக அறிவார்கள். முதலில் எண்கள் ஓட்டைக்கு உள்ளேயே தெரிந்தன. பிறகு வந்த புது மாதிரியில், எண்களை ஓட்டைக்கு வெளியே, சுற்றிலும் பெரிதாகப் போட்டார்கள். பார்வைக்கு அழகு, படிப்பதற்கும் சுலபம். ஆனால் சோதித்தால், ஜனங்கள் முன்பைவிட மெதுவாகச் சுழற்றினார்கள்! ஓட்டைக்குள் விரலுக்கு ஓர் இலக்கு இல்லாமல் போனதே காரணம். கார்லின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னார். வேகம் திரும்பி வந்துவிட்டது.

சோதித்துச் செய்தால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் முன்பு டெலிபோன் எண்ணின் தொடக்கத்தில் வட்டாரத்தின் பெயர் இருக்கும். அதை எடுத்துவிட்டு, ஏழும் எண்ணாகவே வைக்கலாம், ஜனங்களால் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்று கார்லினின் ஆராய்ச்சி சொன்னது. கம்பெனியும் அப்படியே செய்தது. ஜனங்களால் முடிந்தது. ஆனால் பிடிக்கவில்லை! 1962-ல் சான்பிரான்சிஸ்கோவில் இதை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் கிளம்பியது. முடியுமா என்பது ஒரு கேள்வி. பிடிக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

தப்பு விமானியுடையதா?

பொத்தான் டெலிபோன் கதைக்குள் போவதற்கு முன்பு ஒரு யுத்தக் கதை. காரணம், அதில் வரும் மனிதரே பொத்தான் கதையிலும் வருகிறார்.

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்காவிடம் பி-17 என்ற பெரிய குண்டு வீச்சு விமானங்கள் இருந்தன. அவை சண்டையை முடித்துக்கொண்டு திரும்பி, நல்லபடியாகத் தரை இறங்கியும் விடும். ஓடுபாதையில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். விமானம் வயிற்றால் தரையில் உராய்ந்து நாசமாகும். விசாரித்தால் ஒரே பதில்தான்: "விமானி தவறான விசையைத் தட்டிவிட்டார்."

அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் மனோதத்துவ நிபுணர் விமானத்துக்குள் ஏறிப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் விசை ஒன்று. இறக்கையின் பின் மடிப்பை அசைக்கும் விசை ஒன்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் பார்ப்பதற்கும் தொடுவதற்கும் ஒன்றுபோல் இருந்தன! தரை இறங்கியதும் இறக்கை மடிப்பைத் தூக்க வேண்டும். களைத்துப்போன விமானியின் கை பக்கத்து விசைக்குப் போய்விடும்.

சப்பானிஸ் செய்த வைத்தியம் மிகச் சின்னது. சக்கர விசையின் நுனியில் ஒரு குட்டி ரப்பர்ச் சக்கரத்தை வைத்தார். மற்ற விசையின் நுனியில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வைத்தார். இருட்டில் தொட்டாலும் எது எதுவென்று கைக்குத் தெரியும். அந்த வகை விபத்துகள் நின்றுவிட்டன.

அத்தனை நாளும் பழி விமானிகள் தலையில் விழுந்தது. குற்றவாளியோ விசைப் பலகை! இந்தக் காலத்திலும் இது நடக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் செல்போனில் ஏதோ ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் தெரியாதப்பா" என்று பேரனிடம் நீட்டிவிடுகிறார்கள். புதிதாக எழுத்துக் கற்றவர்கள் வங்கி எந்திரத்துக்கு முன்னால் நின்று, பின்னால் வரிசையில் இருப்பவர்களைப் பார்த்துக் கூசிப்போகிறார்கள். அவர்களுக்குத் தெரியவில்லையா, அல்லது திரையைச் செய்தவருக்குத் தெரியவில்லையா? சோதித்தால்தான் சொல்ல முடியும்.

வெற்றுக் கட்டத்தில் எண் எழுதுங்கள்!

1950-களில் பெல் லேப்ஸில் பொத்தான் டெலிபோன் பற்றி ஆராய்ந்தார்கள். சுழற்றும் தகடு வேண்டாம். பத்துப் பொத்தான் போதும். சரி, எந்த எண் எங்கே இருக்க வேண்டும்?

சப்பானிசும் மேரி லட்ஸ் என்ற பெண்மணியும் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1955-ல் வெளிவந்தது. எண் எழுதாத வெற்றுப் பொத்தான் படங்களைக் கொடுத்து, "எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் புத்தகம் படிக்கிற மாதிரியே எழுதினார்கள். இடமிருந்து வலமாக 1, 2, 3. பிறகு அடுத்த வரி. பிறகு அதற்கும் அடுத்த வரி. எழுத்துப் படித்த கண் மேலிருந்து கீழே இறங்குவதுதானே வழக்கம்!

எதிர்பார்ப்பு தெரிந்துவிட்டது. ஆனால் எதிர்பார்ப்பது வேறு, விரல் வேலை செய்வது வேறு. அதையும் அளக்க வேண்டும் அல்லவா?

அளந்தவர் டெய்னிங்கர். கார்லினுடைய பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய கட்டுரை 1960-ம் ஆண்டு ஜூலையில் பெல் கம்பெனியின் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தது. பொத்தான்களை அவர் என்னென்னவோ விதமாக அடுக்கிப் பார்த்தார். பழைய தகடு போல வட்டமாக ஒன்று. ஐந்தைந்தாக நிற்கும் இரண்டு வரிசை ஒன்று. ஐந்தைந்தாகப் படுத்திருக்கும் இரண்டு வரிசை ஒன்று. மூன்று மூன்றாக அடுக்கி, அடியில் 0 வைத்தது ஒன்று. இன்னும் பல.

ஆட்கள் வந்து உட்கார்ந்து டெலிபோன் எண்களைத் தட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி, எத்தனை தப்பு என்று கணக்கு எடுத்தார்கள். பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எவ்வளவு இடைவெளி வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது வரையில் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

முடிவு என்ன? நல்ல அமைப்புகளுக்குள் வேக வித்தியாசம் மிகக் கொஞ்சம். படுத்திருக்கும் இரண்டு வரிசையும் நன்றாகவே வேலை செய்தது. மூன்று மூன்றாக அடுக்கியதும் நன்றாக வேலை செய்தது. செய்வதற்குச் சௌகரியமானது எது என்று பார்த்து, மூன்று மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சோதனை ஒரே ஒரு ராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தும் என்று நினைப்பது தப்பு. பல சமயம் அது மோசமானவற்றைத் தள்ளிவிட்டு, "மீதி இருப்பவற்றில் உன் சௌகரியம்" என்று விட்டுவிடும்.

இன்னொன்றும் தெரிந்தது. பொத்தானின் அழுத்தத்தையும் ஆழத்தையும் கொஞ்சம் மாற்றினால் வேகம் அதிகமாக மாறவில்லை. தப்பும் அதிகமாக மாறவில்லை. ஆனால் ஆட்களின் அபிப்பிராயம் மாறியது! லேசாக அழுந்தும் பொத்தானைத்தான் விரும்பினார்கள். கடிகாரத்துக்குத் தெரியாதது மனதுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், வாயையும் திறந்து கேட்க வேண்டும்.

"கூட்டல் எந்திரத்தில் பழகியவர்கள் மிக வேகமாகத் தட்டினார்கள், டெலிபோன் எந்திரத்தால் அந்த வேகம் தாங்க முடியவில்லை, அவர்களைத் தாமதப்படுத்தவே எண்களைத் தலைகீழாக்கினார்கள்" என்று ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான். டெய்னிங்கரின் கட்டுரையில் அப்படி ஒரு காரணம் இல்லை.

1963-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் கார்னகி, கிரீன்ஸ்பர்க் என்ற இரண்டு ஊர்களில் பொத்தான் டெலிபோன் விற்பனைக்கு வந்தது. அப்போது பத்தே பொத்தான்தான். நட்சத்திரப் பொத்தானும் கட்டப் பொத்தானும் 1968-ல் வந்து சேர்ந்தன.

அதே 1968-ல் இங்கிலாந்திலிருந்து இன்னொரு ஆராய்ச்சி முடிவு வந்தது. கான்ராட், ஹல் என்ற இருவர் டெலிபோன் வரிசையையும் கால்குலேட்டர் வரிசையையும் நேருக்கு நேர் மோத விட்டார்கள். கால்குலேட்டர் வரிசையில் 8.2 சதவிகிதம் தப்பு வந்தது. டெலிபோன் வரிசையில் 6.4 சதவிகிதம்தான். வேகத்திலும் டெலிபோன் வரிசை சற்று முந்தியது.

இருந்தும் கால்குலேட்டர் மாறவில்லை! கூட்டல் எந்திரத்தில் வேலை பார்த்துப் பழகியவர்கள் அதற்குள் ஏராளம். வங்கியில் கணக்கு எழுதுகிறவரின் கம்ப்யூட்டரில், பலகையின் வலப்பக்கத்தில், 7 மேலேதான் இருக்கிறது. அதே வங்கி வாசலில் இருக்கும் ஏ.டி.எம்.மில் 1 மேலே இருக்கிறது. பாவம், காசாளருக்கு விரல்கள் பத்துதான், பழக்கம் இரண்டு.

ஒரு விநாடியின் விலை

இனி நியூயார்க் போவோம். அங்கும் டெலிபோன்தான். ஆனால் இந்த முறை சோதனைக்கு வந்தது கம்ப்யூட்டர் திரை.

நியூயார்க்கிலும் சுற்று வட்டாரத்திலும் டெலிபோன் நடத்திய கம்பெனிக்கு "நைனெக்ஸ்" என்று பெயர். அங்கே வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டர்கள் பல பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்பும் திரையும் பொத்தான் பலகையும் உண்டு. "யாருக்குப் பேச வேண்டும்? பணம் யார் கணக்கில்?" என்று கேட்டுக்கொண்டே பொத்தான்களைத் தட்டுவார்கள். ஓர் அழைப்புக்கு அரை நிமிஷத்துக்கும் குறைவான நேரம்தான் பிடிக்கும்.

இந்த அரை நிமிஷத்தில் ஒரே ஒரு விநாடி குறைந்தால், கம்பெனிக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் மிச்சம்! அத்தனை அழைப்புகள்.

அப்போது ஒரு புதிய எந்திரம் விலைக்கு வந்தது. திரை தெளிவானது. தகவல் பழையதைவிட வேகமாக வந்து சேரும். பொத்தான் பலகையும் புதுமாதிரி. தட்ட வேண்டிய தடவைகளும் குறைவு. பார்த்தவர்கள் எல்லாரும், "வேலை சீக்கிரம் முடியும்" என்று நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? எல்லா விதத்திலும் உயர்ந்த சரக்கு.

ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர், வேயின் கிரே, போனி ஜான், மைக்கேல் ஆட்வுட், முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். ஆபரேட்டரின் காது எப்போது கேட்கிறது, கண் எப்போது பார்க்கிறது, விரல் எப்போது நகர்கிறது என்று ஒரு விநாடியைத் துண்டு துண்டாக நறுக்கிப் படம் வரைந்தார்கள். கணக்கின் விடை: புதிய எந்திரம் மெதுவாக வேலை செய்யும்!

எவர் நம்புவார்? நிஜமாகவே சோதித்தார்கள். சில ஆபரேட்டர்கள் பழைய எந்திரத்தில். சில ஆபரேட்டர்கள் புதிய எந்திரத்தில். நான்கு மாதம். 70,000-க்கு மேற்பட்ட அழைப்புகள். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தார்கள். காகிதக் கணக்கு சொன்னபடியே நடந்தது. ஓர் அழைப்புக்கு அரை விநாடிக்குச் சற்று மேல் கூடுதலாகப் பிடித்தது. வாங்கியிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் நஷ்டம். கம்பெனி வாங்கவில்லை. புதிது என்பதால் கை பழகவில்லையோ என்ற சந்தேகமும் தீர்ந்தது. முதல் மாதத்திலேயே கை பழகிவிட்டது. அதற்குப் பின்பும் பழைய எந்திரமே முந்தி நின்றது. இந்த ஆராய்ச்சி 1993-ல் அச்சில் வந்தது. அமெரிக்க டெலிவிஷனில் ஒரு நகைச்சுவை நடிகை போட்ட டெலிபோன் ஆபரேட்டர் வேஷத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள்: "எர்னஸ்டைன் திட்டம்."

தட்டுவது குறைந்தும் நேரம் கூடியது எப்படி?

சமையல் அறைக்குள் போனால் புரிந்துவிடும். அடுப்பில் சாதம் வேகிறது. அந்த நேரத்தில் அம்மா கறிகாய் நறுக்குகிறார். கறிகாயை இன்னும் வேகமாக நறுக்கிவிட்டால் சாதம் சீக்கிரம் வெந்துவிடுமா? வேகாது. ஆனால் சாதம் வெந்த பிறகு கரண்டியைக் காணோம் என்று தேடினால், அந்த நேரம் முழுவதும் தண்டம்.

ஆபரேட்டர் வேலையிலும் இதுதான் நடந்தது. புதிய எந்திரம் மிச்சம் பிடித்த தட்டல்கள் அழைப்பின் தொடக்கத்தில் இருந்தவை. பழைய எந்திரத்தில் அவற்றை, பேசுகிறவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தட்டி முடித்துவிடுவார்கள். அவை கறிகாய் நறுக்குவது போல. எடுத்துவிட்டாலும் லாபம் இல்லை. புதிய எந்திரத்தில் அழைப்பின் முடிவில் ஒரு தட்டல் சேர்ந்தது. அப்போது எல்லாம் முடிந்து, அந்த விரலுக்காகவே அழைப்பு காத்திருக்கும். அதுதான் கரண்டி தேடும் நேரம்.

இதையும் சொல்ல வேண்டும். அங்கே அளந்தது கம்பெனியின் பணப்பை. நாள் முழுவதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு எது களைப்புக் குறைவு என்பது அந்த 20 லட்சத்துக்குள் வரவில்லை. அளவுகோலை யார் பிடித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அளவு.

ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்

நான்கு மாதம், 70,000 அழைப்பு என்றால் சிறிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகுமா? ஆகாது. அதற்கும் வழி கண்டார்கள்.

டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன், அமெரிக்கரான தாமஸ் லேண்டவர் ஆகிய இருவர் 1993-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு திரையில் குறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவரை உட்கார வைத்து அதில் வேலை செய்யச் சொன்னால், அவர் தடுமாறுவதிலிருந்து சராசரியாக 31 சதவிகிதக் குறைகள் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது ஆள் முதல் ஆள் இடறிய இடங்கள் சிலவற்றில் தானும் இடறுவார். புதிதாகச் சிலவற்றையும் காட்டுவார். இப்படியே ஐந்து பேர் முடிந்ததும் ஏறத்தாழ 85 சதவிகிதக் குறைகள் வெளியே வந்துவிடும். ஆறாவது, ஏழாவது ஆளைக் கூப்பிடுவதைவிட, திரையைத் திருத்திவிட்டு வேறு ஐந்து பேரைக் கூப்பிடுவதே லாபம் என்பது நீல்சனின் யோசனை.

ஐந்து பேர் என்பது குறை கண்டுபிடிப்பதற்குத்தான். "நூற்றுக்கு இத்தனை பேரால் முடிகிறது" என்று சதவிகிதம் சொல்வதற்கு ஐந்து போதாது. அதற்கு 20 பேராவது வேண்டும் என்று நீல்சனே சொல்லியிருக்கிறார். விளம்பரங்களில் சதவிகிதத்தைப் பார்க்கும்போது, எத்தனை பேரிடம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சோதனை நடப்பது இப்படி. ஒருவரை உட்கார வைப்பார்கள். "சோதிப்பது உங்களை அல்ல, இந்தத் திரையை" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு ஒரு காரியம் கொடுப்பார்கள். "மதுரைக்கு நாளைக் காலை ஒரு டிக்கெட் எடுங்கள்" என்பது போல. மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்பார்கள். மூன்றைக் குறித்துக்கொள்வார்கள். காரியம் முடிந்ததா? எவ்வளவு நேரமும் சிரமமும் ஆயிற்று? மனது திருப்தி அடைந்ததா? உலகத் தர நிறுவனம் 1998-ல் வெளியிட்ட விதியிலும் இந்த மூன்றுமே இருக்கின்றன.

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத்தான் பெரிய வேதனை. வந்தவர் தவறான பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோவார். "அதில்லை, இது" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லக் கூடாது! சொன்னால் சோதனை கெட்டது. வீட்டில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்க்கிறவருக்குப் பக்கத்தில் எவர் இருந்து சொல்லப்போகிறார்கள்?

பத்து வாக்கியம், நூறு மார்க்

திருப்தியை எப்படி அளப்பது? அதற்கு ஒரு பரீட்சைத் தாள் இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், மார்க் போடுகிறவர்கள் ஜனங்கள். மார்க் வாங்குவது எந்திரம்.

இங்கிலாந்தில் ரெடிங் நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் புரூக், 1986-ல் இதைத் தயாரித்தார். மொத்தம் பத்து வாக்கியங்கள். ஒன்று புகழும்; அடுத்தது குறை சொல்லும். "சுலபமாக இருக்கிறது" என்ற கருத்தில் ஒன்று. "வீணான சிக்கல் இருக்கிறது" என்ற கருத்தில் ஒன்று. "பிறர் உதவி இல்லாமல் முடியாது" என்ற கருத்தில் ஒன்று. இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும், ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் 1, முழுவதும் ஒப்புக்கொண்டால் 5 என்று குறிக்க வேண்டும்.

புகழும் வாக்கியத்துக்குக் குறித்த எண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும். குறை சொல்லும் வாக்கியத்துக்கு, 5-லிருந்து குறித்த எண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி இரண்டரையால் பெருக்கினால், நூற்றுக்கு இத்தனை என்று மார்க் வந்துவிடும்.

புகழ்ச்சியையும் குறையையும் மாற்றி மாற்றி வைத்ததில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. சிலர் தாட்சண்யத்துக்காக எல்லாவற்றுக்கும் "ஆமாம், ஆமாம்" என்று 5 போட்டுக்கொண்டே போவார்கள். கூட்டிப் பாருங்கள், சரியாக 50 மார்க்தான் வரும்! படித்துப் பார்க்காமல் போட்டது தெரிந்துவிடும்.

500 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி மார்க் 68 என்று தெரிந்தது. ஆகவே, "எங்கள் செயலி 60 மார்க் வாங்கியிருக்கிறது, முதல் வகுப்பு" என்று ஒருவர் மார் தட்டினால், அது சராசரிக்கும் கீழே என்று அர்த்தம்.

புரூக் இதை அவசரத்துக்கு உதவும் ஒரு சின்னக் கருவியாகத்தான் நினைத்தார். பத்து ஆண்டு கழித்து, 1996-ல்தான், ஒரு புத்தகத்தில் அத்தியாயமாக அச்சேறியது. எவர் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். செல்போன் செயலியிலிருந்து ஆஸ்பத்திரிக் கருவி வரையில் இன்றும் அந்தப் பத்து வாக்கியத்துக்கு ஜனங்கள் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.